ஆயிரம் முகமும் ஓர் அபிப்பிராயமும்

ஒரு காரியம் முடியும் தறுவாயிலேதான் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நம்மவருக்கு ஞானோதயம் உண்டாகும் என்பதை நேற்றுப் பின்னேரம் என் விறாந்தையில் மறுபடியும் கண்டேன். இவ்வழக்கம் உங்களிடமும் உண்டாகையால் விளக்கப் புகுவது வீண். நீலமும் மஞ்சளுமான இரு பிசின்பட்டிகளைப் பிசைந்து, அது பச்சையாகி இறுகுமுன் ஊசிமுனையால் சிங்கப் பிடரியைக் கோதியெடுக்கும் உபாயத்தையே இங்கே சொல்ல உத்தேசித்தேன். அதற்குமுன் இந்தச் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன்.

இலண்டனிலிருந்து மருமகன் அனுப்பிய, நொட்டிங்காமில் வார்த்த, பெருவிரல் உயரமேயான சீமைப் போர்வீரனொருவனின் சிரசைக் கொய்து, கழுத்திலே துளையிட்டுக் கம்பி செருகிச் சிங்கத்தலை பொருத்தி, கச்சான் காற்றிலே தூரிகை நுனியிலேயே காய்ந்து தொலைக்கும் அக்கிறிலிக் வர்ணத்தை ஈரப் பஞ்சின்மேல் காப்பாற்றிப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி, கடைசியாகக் கண்ணும் திறந்து, படம் அனுப்பினாலே போதும் என்ற ஒரு பரதேசப் போட்டிக்கு ஆயத்தம் பண்ணியிருந்தேன். நேற்று விறாந்தைக்கு வந்து அபிப்பிராயம் சொன்னவரோ சாமானியரல்லர், தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் கந்தபுராணப் படிப்பு நடந்தால் பயன் சொல்பவர்.

“தம்பி, இவர் ஆர்?”

“சிங்கமுகாசுரன், ஐயா.”

“அப்ப மிச்ச முகம் எங்கை?”

கச்சியப்ப சிவாசாரியார் சிங்கமுகனுக்கு ஆயிரம் முகமும் இரண்டாயிரம் கையும் கொடுத்தது மெய். அவருக்கென்ன, ஆயிரம் என்றெழுத ஒரு சொல் போதும். என் கையில் ஒரு தலையின் அகலம் 4 மில்லிமீற்றர். ஆயிரத்தையும் வரிசையில் நிறுத்தினால் 4 மீற்றர். என் விறாந்தையில் அவன் கோணலாகத்தான் நிற்கவேண்டும். பத்தடுக்காக அடுக்கினாலும் அடுக்கொன்று 40 சென்ரிமீற்றர். தாங்கும் உடம்போ பெருவிரலளவு. கண்கள் 2000, கண்ணுக்கொரு வெண்புள்ளி, அதனுள் ஒரு கரும்புள்ளி என 4000 புள்ளி. நாலு புள்ளிக்கே மூச்சையடக்கிப் பிராணாயாமம் பண்ணுகிற நான், நாலாயிரத்துக்கு அடக்கினால் சமாதி கூடிவிடுவேன். அன்றியும், அவனுக்குத் தடிமன் பிடித்தால் எந்த மூக்கை முதலிலே சிந்துவான், ஒரு வாய் குறட்டை விட்டால் மற்றத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தலையும் எங்ஙனம் கண்ணயரும், விரத நாளிலே ஒரு வாய் மட்டும் களவாகத் தின்றால் பாவம் எந்தத் தலையைச் சாரும் என்பவற்றையெல்லாம் பயன் சொல்பவர் யாரும் இதுகாறும் சொல்லக் கேட்டிலேன்.

ஐப்பசியிலே சூரன்போரன்று ஒரே உடம்பில் ஆனைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் என்று தலையை மாற்றிப் பூட்டுகிறோமே, அங்கும் சிங்கத்தலை ஒன்றுதானே என்றேன்.

“அது கோயில்” என்றார்.

இத்தகைய சிறு பொம்மைவீரரை வார்க்கும் கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனியார் 1987 முதல் கோல்டன் டீமன் என்றொரு போட்டி நடத்தி, பூதத்தையும் அசுரனையும் தலைமாற்றித் தீட்டுகிறவர்களுள் முதல்வனுக்கு ஒரு வாளையே பரிசளிக்கிறார்கள். நாமோ தலைமாற்றும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்துக்கொண்டு முகக்கணக்குப் பார்க்கிறோம்.

படலை வரை போனவர் திரும்பி, “கையையும் ஒருக்கா எண்ணிப் பாரும்” என்றார்.

நடுவர்கள் அந்நியதேசத்தார், புராணம் அறியார் என்ற ஒரே தைரியத்தில்தான் இதில் இறங்கினேன். ஆனால் நம்மவர் குடியேறாத தேசமேது? நடுவர் ஆசனத்தில் ஒரு சைவப்பழம் வீற்றிருந்தால் என்ன செய்வதென்ற கிலேசத்தில் இராத்திரி நித்திரையில்லை. ஆகவே, படத்தோடு அனுப்பும் குறிப்பிலே, மற்ற 999 முகங்களும் 1998 கைகளும் யுத்தகளத்தில் ஏற்கெனவே முருகனால் வெட்டுண்டன என்று எழுதிவிட்டேன்.