பின்சீட்டுப் பொறுப்பு

எட்டாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டரில் ட்யூஷனுக்குப் போகிறான். கால் இன்னும் தரைக்கு எட்டவில்லை. சிக்னலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கட்டைவிரலை ஊன்றிக்கொள்கிறான். பின்சீட்டில் அப்பா. கேட்டால், "நம்ம பார்வையிலேயே பழகட்டும்னுதான் சார்" என்கிறார். பார்வை மொபைலில் இருக்கிறது.

மகனை இவ்வளவு படிக்க வைப்பவர், மோட்டார் வாகனச் சட்டத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு இவரை எதிரில் உட்கார வைத்து எழுதியது போலிருக்கும். சிறுவன் வண்டியோட்டிச் சிக்கினால் பெற்றோர்தான் குற்றவாளி: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதற்குள் அவன் இன்ஜினீயரிங் முடித்திருப்பான். இன்டர்வியூவுக்கு அப்பாதான் கொண்டுபோய் விட வேண்டும்.

'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்று நிரூபித்தால் தப்பிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு நிரூபிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஹெல்மெட்டா? இருக்கிறதே, கண்ணாடியில் மாட்டியிருக்கிறது. வீட்டில் இதே பையன் வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தால், "கையை வெட்டிக்குவே, வை கீழே" என்று அம்மா பிடுங்கிக்கொள்கிறார்.