கடைசித் தாளியல்: வன்னித் துப்பறியும் வாசிப்பு பற்றிய ஒரு முன்னாய்வு

வன்னிப் பெருநிலப்பரப்பில் துப்பறியும் கதை வாசிப்புப் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தாலும் நான் தேடிப் பார்க்கவில்லை. முதல் பந்தியில் இப்படி எழுதுவது ஆய்வு மரபு.

அங்கே கதை வாசிப்பு நான்கு வகைப்படும். முதலாவது தமிழ்வாணனின் சங்கர்லால் வகை. சங்கர்லால் தேநீர் குடித்தால் துப்புக் கிடைக்கும். எங்கள் அப்பாமார் எத்தனை தேத்தண்ணி குடித்தும் கிடைக்கவில்லை. இரண்டாவது, 1972இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ். அதில் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைவார். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. ஆதலால் மாயாவி எங்கள் ஊரில் கடைசிவரை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ரமணிசந்திரன் வகை: அக்காமாருடையது, தொடக்கூடாது.

நான்காவதே நம் பொருள்: பொக்கற் நாவல். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி, மெழுகுதிரி, சவர்க்காரம் எதுவும் ஒழுங்காக வராத ஊருக்குள் இவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஒருவரும் முழுசாக வரவில்லை. கடைசித் தாள் இருக்காது. கொலையாளி பிடிபடுவதோ அந்தத் தாளில்தான்.

தாள் எங்கே போனது? வாகனம் எதுவானாலும் நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிப் போகும் முறிகண்டிக்குத்தான் போனது என்பது என் கருதுகோள். ஆதாரம் உண்டு. ஒருநாள் கச்சானைத் தின்று முடித்துச் சரையை விரித்தேன். உப்பும் கச்சான் தோலும் ஒட்டியிருந்த தாளில் பரத்தின் முன்னால் ஒருவன் கைகூப்பி அழுது குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். எந்த நாவலின் குற்றம் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்த விவேக் கதையின் முடிவில் அதைச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். அன்றுமுதல் எங்கள் ஊரில் விவேக் தேடிய கொலையாளியைப் பரத் பிடித்துக்கொண்டிருந்தார். இரவல் வாங்கிய ஒருவரும் முறையிடவில்லை. திறனாய்வாளர் இதை ‘பிரதியிடை ஊடாட்டம்’ என்பர். நாங்கள் சோற்றுப்பசை என்றோம்.

சரை கிடைக்காத நாவல்களுக்குப் பெரியம்மாவே முடிவு. ஜாம் போத்தல் விளக்கடியில் நான் வாசிப்பேன். அவர் பன்பாய் இழைத்தபடி கேட்பார். மூன்றாம் அத்தியாயத்தில் கை நிற்கும். “தம்பி, உவன் எங்கட சங்கக்கடை மனேச்சர் மாதிரியெல்லே? கேக்க முந்திச் சிரிக்கிறான். உவன்தான்” (பெரியம்மா, வாய்மொழி, திண்ணை).

அகதா கிறிஸ்டி 1930இல் நாவலுக்குக் கொண்டுவந்த மிஸ் மார்பிளின் முறையும் இதுவே. சென் மேரி மீட் கிராமத்தில் தமக்குத் தெரிந்த யாரையாவது நினைவுபடுத்துபவனை அந்தக் கிழவி சந்தேகிப்பார். ஆனால் அவர் பறவை பார்க்கும் சாட்டில் தூரநோக்கி வைத்திருந்தார். பெரியம்மாவிடம் இருந்தது கிடுகுவேலிப் பொட்டு (பெரியம்மா, ‘வேலிப்பொட்டு உரைகள்’, இரண்டாம் அமர்வு, மாடு கட்டிய பின்). தூரநோக்கியால் பார்க்கலாம், பொட்டால் கேட்கவும் முடியும் (மேற்படி, தொகுதி 3, பாக்கு இடிக்கையில் சொன்னது, அம்மா திருத்தியது, பக்கத்து வளவு மாமி மறுத்தது, மறுப்புக்கு மறுப்பு நிலுவையில்).

கடைசித் தாளை வாசிக்காமல் முடிவு சொல்வது ஆய்வு நெறியா என்று கேட்கலாம். முன்னுரையை மட்டும் வாசித்து நூல் முழுவதையும் மறுத்த பேராசிரியர்களை நான் அறிவேன். அவர்களிடம் இருந்த பிரதியில் எல்லாத் தாளும் இருந்தன.

போரால் மூடியிருந்த ஏ9 பாதை 2002இல் திறந்தது. பெரியம்மா ‘உவன்தான்’ என்ற அந்த நாவலின் முழுப் பிரதி ஒன்று கைக்கு வந்தது. பெரியம்மாவுக்கு முன்னால் இருந்து கடைசித் தாள்வரை வாசித்தேன். கொலைகாரன் சிரித்தவன் அல்லன். கதை முழுதும் வாயே திறவாத தோட்டக்காரன்.

பெரியம்மா பாயை உதறிச் சுருட்டினார். “எழுதினவருக்கு அந்த மனேச்சரைத் தெரியாது, தம்பி” (பெரியம்மா, வாய்மொழி, இறுதிப் பதிப்பு, திருத்தத்துக்கு இடமில்லை).