முதுகுப் பையும் முதல் கோலும்

2014 ஜூனில் முதுகுப் பையோடு ரியோ டி ஜெனிரோவில் வந்திறங்கியவர்களுக்கு ஒரே லட்சியம்: உள்ளூர்க்காரராகவே வாழ்ந்து பார்ப்பது. அதற்காக விடுதியில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டைப் பிடித்து, மற்ற முதுகுப் பைக்காரர்களோடு மட்டுமே வாழ்ந்தார்கள்.

முதலில் கொர்கொவாடோ மலை. 710 மீட்டர் மேலே போனால், 30 மீட்டர் உயர ஏசுநாதர் மேகத்துக்குள் இருந்தார். அதனாலென்ன, இவர்களும் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னணியில் சுத்தமான வெள்ளை.

ஜூன் 12. உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் சாவோ பாலோவில். ரியோவின் கோபகபானா கடற்கரை மணலில் அதைக் காட்ட ராட்சதத் திரை. பேரம் பேசி வாங்கிய மஞ்சள் சட்டையில் நம் ஆள் ஒருவர், பிரேசில்காரராகவே ஆகிவிட்ட மிதப்பில் நின்றார். 11ஆவது நிமிடம் பந்து வலைக்குள் போனது. துள்ளிக் குதித்துக் கத்தினார். கடற்கரை முழுக்க அலைச் சத்தம் மட்டும்.

பந்து போனது பிரேசிலின் வலைக்குள். உபயம், பிரேசிலின் மார்செலோ. உலகக் கோப்பை வரலாற்றிலேயே அந்த அணி தனக்குத்தானே போட்டுக்கொண்ட முதல் கோல். சரித்திரத்தைக் கைதட்டி வரவேற்றவர் இவர் ஒருவர்தான்.

நல்லவேளை, பிரேசில் குரோஷியாவை 3-1 என வென்றது. பக்கத்திலிருந்தவர் மன்னித்து கைபிரின்யா என்ற உள்ளூர் மதுபானம் ஒன்று வாங்கித் தந்தார். அன்றிரவே வீட்டுக்குத் தகவல் பறந்தது: "இங்கே என்னை யாரும் வெளியூர் ஆளென்று நினைக்கவே இல்லை."