பளபளப்புக்குக் காசு குடுக்காத, மாப்ள

ஏலே மாப்ள, மணி பாக்கதுக்கா நீ ரோலக்ஸ் வாங்கப் போற? மணிதான் செல்போன்லயே ஓசிக்குத் தெரியுதே. சிஞ்ச்வட்லேருந்து ஹிஞ்சவடி ஆபீசுக்கு என்னைக்காவது நேரத்துக்குப் போயிருக்கியாலே? வாகட் நெரிசல்ல நிக்கதுக்கு எந்தக் கம்பெனி வாட்ச்சு கட்டுனா என்ன? சரி, ஆசைன்னு சொல்லிட்ட. ஆசைக்கு மாமன் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பழசு வாங்கப் போறேன்னு சொன்ன பாத்தியா, அங்கதான் எனக்கு வாய் அரிக்கு. போசரியிலயும் ஆகுர்டியிலயும் ஆயுசு பூரா லேத்து ஓட்டுனவன்ட்ட வந்து இரும்பு சமாச்சாரத்தப் பேசிட்டு, சும்மா இருங்க மாமான்னா எப்படி இருப்பேன்?

போட்டோவக் காட்டி என்ன சொன்ன? "இருவது வருசத்து வாட்ச்சு மாமா, புத்தம்புதுசா மின்னுது!" அதான் எனக்குச் சங்கடமே. இருவது வருசம் ஒருத்தன் கையில கெடந்த எஃகு மின்னுதுன்னா, ஒண்ணு அவன் அதைக் கட்டவே இல்ல, பீரோவுக்குள்ள வச்சுக் கும்பிட்டிருக்கான். இல்ல, விக்கதுக்கு முந்தி எவனோ பஃபிங் சக்கரத்துல குடுத்து இழுத்திருக்கான். முதல் ரகம் ஊருக்கு ஒண்ணு தேறும். பஃபிங்னா என்னன்னு நெனைக்க? கீறலை அழிக்கதுன்னா கீறலைச் சுத்தி இருக்க உலோகத்தை எடுக்கது. போன உலோகம் போனதுதான். கல்யாணச் சீரா வந்த பித்தளைக் குடத்துல பேரு வெட்டியிருப்பாங்கல்லா? உங்க ஆச்சி புளி போட்டுத் தேச்சுத் தேச்சு இப்ப குடம் நல்லா மின்னுது, பேரு யாருதுன்னுதான் தெரியல.

அதனால வாட்ச்ச கையில வாங்குனதும் டயலப் பாத்து இளிச்சுக்கிட்டு நிக்காத. டியூப்லைட்டுக்கு அடியில கொண்டு போ. வார் மாட்டுத நாலு காது இருக்குல்லா, அதுமேல வெளிச்சம் விழுத மாதிரி மெதுவாச் சாய். மேல்பக்கம் பிரஷ் போட்ட கோடு, பக்கவாட்டுல பாலிஷ்னு இருக்க மாடல்னா, ரெண்டும் சந்திக்க எடத்துல வெளிச்சம் ஒரே நேர்க்கோடா வெட்டிக்கிட்டு நிக்கணும். அந்தக் கோடு கொழகொழன்னு வளைஞ்சு ஓடுச்சுன்னா காதைத் தேச்சுட்டான்னு அர்த்தம். நாலு காதும் ஒரே தடிமனான்னு பாரு. காதுல ஓட்டை போட்ட பழைய மாடல்னா, ஓட்டை ஓரத்துக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு பாரு. கீறலுக்குப் பயப்படாத, கீறல் கெடந்தா உலோகம் இன்னும் இருக்குன்னுதான் அர்த்தம். இப்ப லேசர் வச்சு உலோகத்த ஏத்தி, தேஞ்ச காதை மறுபடி வளத்து விடுத கைகாரனும் இருக்கான். அதச் சொல்லி வித்தா அவன் யோக்கியன். சொல்லாம வித்தா உன்னைப் போல மாப்ளயத் தேடிக்கிட்டிருக்கான்.

செயினப் பக்கவாட்டுல படுக்கப் போட்டுப் பிடி. விறைப்பா நிக்கணும். தொங்குச்சுன்னா கண்ணியெல்லாம் தேஞ்சு போச்சு. கண்ணி எத்தனை இருக்குன்னும் எண்ணிக்க. முந்துன முதலாளி ஒல்லிப் பயலா இருந்து நாலு கண்ணியக் கழட்டித் தொலைச்சிருந்தா, உன் மணிக்கட்டுக்கு அசல் கண்ணி வாங்கதுக்கே தனியா அழணும். சாப்பாட்டைக் கொறைன்னு உங்க அத்தை சொன்னா கேக்கியா?

அடுத்து பின்மூடி. விக்கிறவன் திறந்து காட்ட மாட்டேன்னா, "நல்லதுண்ணே"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரு. திறந்தான்னா முதல்ல தங்கமும் ரத்தினமும் பாக்காத, திருகுத் தலையப் பாரு. கம்பெனி ஆளு கழட்டுன திருகுல காடி சுத்தமா இருக்கும். கண்டவன் கண்ட ஸ்க்ரூடிரைவர வச்சு நெம்புனதுல காடி பிஞ்சு, பக்கத்துத் தகட்டுல கோடு விழுந்திருக்கும். மூடி உக்காருத விளிம்புல ரப்பர் வளையத்துக்கு அடியில பாரு: மும்பை, சென்னைப் பக்கம் வேர்வையில ஊறுன வாட்ச்சுன்னா குழி குழியா அரிச்சிருக்கும். எஃகு துருப்பிடிக்காதுன்னு எவஞ்சொன்னான்? உப்பு விட்டுவைக்காது.

அப்புறம் டைம்கிராபர்னு ஒரு மிஷின் வச்சிருப்பாங்க, டிக் டிக்க கேட்டு எண்ணுல சொல்லும். முழுசா சாவி குடுத்து, டயலை மேல பாக்க வச்சு, ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ள இருக்க சக்கரம் எவ்வளவு ஆடுது, எவ்வளவுன்னு கேளு. 270, 280 பாகை பக்கம் வந்தா உடம்பு நல்லாருக்கு. 220-க்குக் கீழ போச்சுன்னா எண்ணெய் காஞ்சு கெடக்கு, சர்வீஸ் பண்ணியாகணும். படுக்க வச்சும் நிமுத்தி வச்சும் பாரு. புது ரோலக்ஸுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டு முன்னப் பின்னன்னு கம்பெனிக் கணக்கு. இருவது வருசத்துக் கெழவன்ட்ட அதக் கேக்காத. ஆனா திடீர்னு அசுர வேகத்துல ஓடுச்சுன்னா காந்தம் ஏறியிருக்கலாம், அதை நிமிசத்துல எடுத்துரலாம். அதச் சாக்காச் சொல்லி விலையைக் கொறைக்கப் பாரு, தப்பில்ல.

டயல் விசயத்துல நம்ம நாட்டுக் கைவேல உலகப் பிரசித்தம். 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து பெங்களூருல வாட்ச்சு போட ஆரம்பிச்சானே எச்.எம்.டி., 2016-ல மூடுனான். அந்தப் பழைய வாட்ச்சுகளக் கழட்டி, பச்சை, சிவப்பு, ஊதான்னு புது டயல் அடிச்சு விக்கதுக்கு வெளிநாட்டுக்காரன் வச்ச பேரே "மும்பை ஸ்பெஷல்". எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சுல அப்படி ஏமாந்தா சில ஆயிரத்தோட போகும், ஜூனா பஜார் சந்தையில ஞாயித்துக்கிழமை வேடிக்கை பாத்ததா நெனச்சுக்கலாம். அதே கை பழைய ஒமேகாவுலயும் வெளையாடுது. பூதக்கண்ணாடிய கண்ணுல மாட்டி எழுத்தப் பாரு, மை கசிஞ்சிருக்கான்னு. ராத்திரி விளக்கை அணைச்சும் பாரு. எழுபதுகள்ல, இருட்டுல மினுங்கதுக்குன்னு பூசுன டிரிட்டியத்துக்குப் பாதி ஆயுசு 12 வருசத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னைக்கு அது செத்துப் போயிருக்கணும். பளிச்சுன்னு எரிஞ்சா, எவனோ நேத்து பூசுனது.

"எனக்குத் தெரியாதா மாமா, யூடியூப்ல பாத்திருக்கேன்"னு சிரிக்க. சிரி. 2021 நவம்பர்ல ஜெனீவாவுல பிலிப்ஸ் ஏலத்துல, 1957-ஆம் வருசத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒண்ணு, டயல் பழுப்பேறுனது, 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல போச்சு. எடுத்தது யாரு தெரியுமா? ஒமேகா கம்பெனியேதான், தன்னோட மியூசியத்துக்கு! 2023-ல குட்டு வெளிய வந்துச்சு: அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு பாகம் சேத்துக் கட்டுன வாட்ச்சு. முன்னாடி தன்னட்ட வேலை பாத்த ஆளுங்களுக்கே இதுல கை இருந்துச்சுன்னு கம்பெனியே சொல்லிச்சு. பெத்தவனுக்கே பிள்ளைய அடையாளம் தெரியல, நீ யூடியூப்ல பாத்து வச்சிருக்க!

பில்லு, கார்டு, பெட்டி இருந்தா விலை கூடும்னு உனக்குத் தெரியும். 2010-லேருந்து ரோலக்ஸ் சீரியல் நம்பர முன்னப்பின்னக் கலைச்சுப் போடுதான், நம்பர வச்சு வருசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால கார்டுல இருக்க தேதிதான் தேதி. உனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுதேன். 1962 சுங்கச் சட்டத்துல 123-ஆம் பிரிவுன்னு ஒண்ணு, தங்கத்துக்குப் பக்கத்துலயே வாட்ச்சையும் பேரு சொல்லி எழுதி வச்சிருக்கான். கடத்தல் சரக்குன்னு நியாயமான சந்தேகத்துல அதிகாரி பிடிச்சா, அது கடத்தல் இல்லன்னு காட்ட வேண்டியது வச்சிருக்கவன் பொறுப்பு. "துபாய்ல மச்சான் வாங்குனது, பில்லு எங்கயோ கெடக்கு"ன்னு ஒருத்தன் சொல்லுதான்லா, அந்த மச்சானையும் கூட்டிக்கிட்டுத்தான் நீ அலையணும். ரொக்கமா எண்ணிக் குடுக்கலாம்னு பாக்காத, 2 லட்சமோ அதுக்கு மேலயோ ஒருத்தன் ரொக்கமா வாங்குனா அவனுக்கு அபராதம். 10 லட்சத்துக்கு மேல போற வாட்ச்சுன்னா 2025 ஏப்ரல் 22-லேருந்து கடைக்காரன் 1 சதவீதம் வரி பிடிக்கணும். அத உன் கணக்குல கழிச்சுக்கலாம்.

இனி விலை. கேக்க விலை வேற, போன விலை வேற. அவன் பத்து இடத்துல கேக்க விலையத்தான் உன்ட்ட காட்டுவான். நீ உண்மையிலயே கை மாறுன விலைய விசாரி. அதுலேருந்து சர்வீசுக்குக் கழி: நல்ல எடத்துல குடுத்தா அரை லட்சத்தத் தொடும், குரோனோகிராஃப்னா இன்னும் மேல. காணாமப் போன கண்ணிக்குக் கழி. தேஞ்ச காதுக்கு மட்டும் கழிச்சுப் பிரயோசனமில்ல, ஏன்னா காசு குடுத்து லேசர்ல வளத்தாலும் அது அசலா ஆகாது. காசால திரும்பக் கெடைக்காதது எதுவோ அதுக்குத்தான் நீ காசு குடுக்கணும்.

"விலை ஏறிக்கிட்டேதான் போகும் மாமா, முதலீடு!"ன்னு சொன்னப்ப நான் டீயத் துப்பிருப்பேன். 2022 ஆரம்பத்துல உச்சத்துல வாங்குனவங்கள விசாரிச்சுப் பாரு, அடுத்த மாசங்கள்ல எப்படி இறங்குச்சுன்னு சொல்லுவாங்க. இங்க இன்னொரு கூத்து: சுவிஸோட சேத்து நாலு நாட்டோட நாம போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல அமலுக்கு வந்தாச்சு, சுவிஸ் வாட்ச்சு மேல இருக்க சுங்கம் வருசா வருசம் இறங்கிக்கிட்டுத்தான் போகும். புதுசுக்கு வரி இறங்குனா பழசு மட்டும் ஒசரத்துல உக்காந்திருக்குமாலே? பேரம் பேசதுக்கு இதவிட நல்ல பேச்சு கெடைக்காது.

இந்த ஞாயித்துக்கிழமை மோர்யா கோசாவி கோயிலுக்கு வாரேன்னு அத்தைட்ட சொல்லிருக்கேன். விக்கிறவன அந்தப் பக்கமே வரச் சொல்லு, பூதக்கண்ணாடியோட வந்துருதேன். அதுவரைக்கும் போட்டோவப் பாத்து அட்வான்ஸ் மட்டும் போட்டுராத மாப்ள.