பளபளன்னு இருந்தாப் போதுமா மாப்ள?

வா மாப்ள, உட்காரு. டிராக்டர் சூடாகி கேஸ்கட் போச்சுன்னு ஹெட்டைக் கழட்டிட்டியாமே, ஊரே பேசுது. காலையில கழட்டி, மத்தியானம் பிளாக்கைத் தேய்ச்சு, பொழுது சாயறதுக்குள்ள மாட்டி, விடியக் காலம் உழவுக்கு ஓட்டறதாத் திட்டம்னு உங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோஷம். உன்னையாட்ட நாலு பேர் இருந்தாத்தானே டவுனுல கேஸ்கட் விக்கறவன் மாடி வீடு கட்ட முடியும்?

அதென்ன கையில, கிரைண்டரா? உரசற வட்டு வேற மாட்டியிருக்கே. பலே! அதை ஓட்டினா பிளாக் கண்ணாடி கணக்காப் பளபளக்கும், யாரு இல்லேங்கறா? ஆனா கேஸ்கட் உன் பிளாக்குல மூஞ்சி பார்த்து மீசை முறுக்கப் போறதில்ல. அதுக்கு வேண்டியது சமம். பழைய கேஸ்கட் எங்க விடாப்பிடியா ஒட்டியிருக்குதோ, அங்கதான் நீயும் விடாப்பிடியா வட்டை நிறுத்துவே. அந்த இடத்துல ஒரு பள்ளம் விழும். உன் கண்ணுக்குத் தெரியாது. வெடிச்சு வர்ற கேஸுக்கும் கொதிக்கற தண்ணிக்கும் நல்லாவே தெரியும்.

பள்ளமாச்சும் லேத் பட்டறைக்குப் போனா சரியாகும். வட்டுல இருந்து உதிர்ற பொடிக்கு என்ன பண்ணுவே? அது அலுமினியம் ஆக்சைடு, இரும்பையே உரசித் தின்னறது. ஆயில் ஓட்டை வழியா இறங்குச்சுன்னா பம்பு அதைத் தூக்கிட்டுப் போயி கிராங்க் பேரிங்குக்கு விருந்து வெக்கும். ‘ஃபில்டர் இருக்குதுங்களே மாமா’ங்கறியா? நைஸ் பொடி ஃபில்டருக்கே டாட்டா காட்டிட்டுப் போயிரும். ஜெனரல் மோட்டார்ஸ்னு அமெரிக்காக் கம்பெனி இருக்குதில்ல, அவங்களே கேஸ்கட் உட்கார்ற இடத்துல இந்த வட்டை ஓட்டாதீங்கன்னு தங்களோட மெக்கானிக்குகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்காங்க. நீ அவங்களை விடப் பெரிய கம்பெனின்னா தாராளமா ஓட்டு.

சரி, மூஞ்சியத் தூக்காதே. வேலையைச் சொல்றேன், கேளு.

மொதல்ல சிலிண்டர் ஓட்டை, ஆயில் ஓட்டை, தண்ணி ஓட்டை எல்லாத்தையும் துணி வெச்சு அடை. எத்தனை துணி வெச்சேன்னு எண்ணிக்கோ. உள்ளாற ஒண்ணை மறந்துட்டு ஹெட்டை மூடுன மகராசன்களும் இருக்காங்க. அப்புறம் ஒட்டியிருக்கற கேஸ்கட் மேல தின்னரைத் தடவிட்டு சித்தெ நேரம் சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்னு தெரியும். அது ஊறி இளகினப்புறம் அகலமான ஸ்கிராப்பரைக் கிட்டத்தட்டப் படுக்க வெச்சுத் தள்ளு. பரோட்டா மாஸ்டர் கல்லைச் சுரண்டற மாதிரி நட்டுக்குத்தலா வெச்சு இழுத்தியோ, கோடு விழும். பிளாக் வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும். இந்தக் காலத்துக் கார் ஹெட்டு பெரும்பாலும் அலுமினியம். அதுல இரும்பே படக்கூடாது, பிளாஸ்டிக் ஸ்கிராப்பர்தான். ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல இருக்கற ஒடுக்கமான பாலத்துல நகத்தை வெச்சு இழுத்துப் பாரு. நகம் மாட்டுச்சுன்னா கேஸ் அங்க வழி போட்டிருக்குன்னு அர்த்தம். அதை மேல பேஸ்ட் பூசி மறைக்கலாம்னு பார்க்காதே.

இன்னொண்ணு. உன் வண்டியில இருக்கறது வெட் லைனர், அதான் சுத்தியும் தண்ணி நிக்கற சிலிண்டர் குழாய். லைனரோட தலை பிளாக்கை விட ஒரு இம்மி ஒசந்து நிக்கும். அது கோளாறு இல்ல; கேஸ்கட்டை இறுக்கிப் பிடிக்கட்டும்னு கம்பெனிக்காரன் வெச்ச ஒசரம். ‘ஏறுக்கு மாறா இருக்குது’ன்னு அதை நீ அரத்தால சமன் பண்ணினியானா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடோணும். ஹெட் இல்லாதப்ப வேடிக்கைக்குக் கிராங்க்கைச் சுத்தாதே. மேல பிடிக்க ஆள் இல்லாம லைனர் பிஸ்டனோட எந்திரிச்சு வந்துரும், அடியில இருக்கற ரப்பர் வளையம் கெட்டுத் தண்ணி சம்புக்குள்ள இறங்கும். சுத்தியே ஆகோணும்னா வாஷர் போட்டு லைனரைப் போல்ட்டுல இறுக்கிட்டுச் சுத்து.

போல்ட் ஓட்டையைப் பார்த்தியா? பார்த்திருக்க மாட்டே, அது பளபளக்காதே. ஹெட்டைத் தூக்கினப்பவே தண்ணியும் ஆயிலும் அதுக்குள்ள வடிஞ்சிருக்கும். அடி மூடின ஓட்டையில தண்ணி நின்னா, போல்ட் இறங்கறப்ப அது எங்க போகும்? தண்ணியை நெருக்க முடியாது மாப்ள. ஒண்ணு, பிளாக் அடியில விரிசல் விடும். இல்லாட்டி, ஹெட் அழுந்தறதுக்கு முன்னாலயே டார்க் ரெஞ்சு ‘டக்’குன்னு சத்தம் போட்டு உன்னை ஏமாத்தும். ஊசி சிரிஞ்சு வெச்சு உறிஞ்சு, ஓட்டை மேல துணியைப் போட்டுக்கிட்டுக் கம்ப்ரஸர் காத்து அடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ. மரையைச் சுத்தம் பண்ண, மரை வெட்டற டேப்பை விட்டுக் கடையாதே, அது நல்ல மரையையும் சேர்த்துத் தின்னும். அதே மரை இருக்கற பழைய ஹெட் போல்ட் ஒண்ணுல நீளவாக்குல ரெண்டு வெட்டுப் போட்டு ஓட்டினாலே அழுக்கு பூரா வெட்டுக்குள்ள ஏறி வெளிய வந்துரும். செலவு பூஜ்யம். செலவில்லாத யோசனைங்கறதால உனக்குப் பிடிக்காமப் போனாலும் போகும்.

இப்ப சமம் பார்க்கோணும். உன் பையனோட ஸ்கூல் ஸ்கேல் வேண்டாம். லேத் பட்டறையில நேர்ச்சட்டம் இருக்கும், கேட்டு வாங்கு. நம்ம கோயமுத்தூர்ச் சீமையில லேத்துக்கா பஞ்சம்? நீளவாக்குல, குறுக்கால, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் வெச்சு அடியில பில்லர் கேஜைச் சொருகிப் பாரு. பல எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டர்ல இருந்து 0.10 வரைக்குந்தான் மன்னிப்பு. தலைமுடியே சுமார் 0.07 மில்லிமீட்டர்னா கணக்கைப் பார்த்துக்கோ. உன் வண்டிக்கு எவ்வளவுன்னு கம்பெனிப் புத்தகத்துல பாரு, என் வாயைப் பார்க்காதே. ஹெட்டையும் இதே மாதிரி அளந்துரு. சூடு ஏறினா மொதல்ல வளையறது அதுதான்.

கடைசித் தொடைப்புக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுக்காதே, நூல் ஒட்டும். நூல் உதிராத வெள்ளைத் துணியில தின்னரைத் தொட்டுத் தொடை. துணி வெள்ளையாவே திரும்பி வர்ற வரைக்கும் தொடை. அடைச்ச துணியை எண்ணி எடு, வழிகாட்டி பின் ரெண்டும் இருக்குதான்னு பாரு. கேஸ்கட்டை எழுத்து மேல இருக்கற மாதிரி வெறுமனே வெய்யி. கிரீஸ், பெயின்ட், பேஸ்ட்னு அதுக்கு அலங்காரம் பண்ணாதே. புத்தகத்துல சொன்னா மட்டும் பூசு. போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமாச் சுத்திச் சுத்தி, மூணு நாலு தவணையில முறுக்கு. ஒரு தரம் மட்டும் போடற இழுபடு போல்ட்டுன்னு புத்தகம் சொன்னா, பழசைத் தொடைச்சு மாட்டி மிச்சம் பிடிக்காதே.

அதெல்லாம் கெடக்கட்டும், ஹெட் ஏன் சூடாச்சுன்னு பார்த்தியா? ரேடியேட்டர்ல வைக்கோல் தூசி அடைச்சுக் கெடக்குதே, ஃபேன் பெல்ட் தொளதொளன்னு ஆடுதே. அதை விட்டுட்டு நீ பிளாக்கை எவ்வளவு சீராப் பண்ணினாலும், புது கேஸ்கட்டும் பழையதோட வழியிலதான் போகும்.

உழவு ரெண்டு நாள் தள்ளிப் போனா மண்ணு எங்கயும் ஓடிப் போயிராது. டார்க் ரெஞ்சு என் பெட்டியில இருக்குது, எடுத்துட்டுப் போ. அதுக்கு முன்னால, போன வருஷம் வாங்கிட்டுப் போன பில்லர் கேஜைக் கொண்டாந்து குடு மாப்ள.