கொலுவில் ரயில் விடுகிறவர்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் ஒளித்து வைப்பது டீத்தூள் டப்பாவை. அடுத்தது பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர். பிறகு தென்னந்துடைப்பம். நகைநட்டு வெளியில் கிடந்தால் பாதகமில்லை. ரயில் சாருக்குத் தங்கத்தில் நாட்டம் கிடையாது. அதைக் கிள்ளிப் போட்டுச் செடியாக்க முடியாது.

உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். கொலுப்படிக்குக் கீழே குழந்தைகளுக்காகப் பார்க் கட்டுகிறேன் என்று ஆரம்பித்திருப்பார். குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வெளியூர் போயிருப்பார்கள். பார்க் மட்டும் வளர்வதை நிறுத்தியிருக்காது. எங்கள் ஓரிக்கை ரயில் சார் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் நின்றுகொண்டே பயணம் செய்தவருக்கு ரயில் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. விசிலை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அவர் ரயில் கிளம்புவது கொடி காட்டி அல்ல, “ரைட், ரைட்” சொல்லி.

அவர் வீட்டுக்குள் வந்தால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கண் அலமாரியை மேயும், அடுப்படியை எட்டிப் பார்க்கும், குப்பைக்கூடையில் போய் நிற்கும். அவர் கண்ணுக்கு எந்தப் பொருளும் அந்தப் பொருளாகத் தெரியாது. வடிகட்டி எறிந்த டீத்தூள் அவருக்குச் செம்மண். ஸ்க்ரப்பரைப் பிய்த்தால் சீமைக்கருவேலம். ஈர்க்குச்சி தந்திக் கம்பம். தேங்காய் நார் வைக்கோல் போர். ஒருமுறை என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் தலையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க மாமா முடி வெட்டிக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். நரைமுடி நாணலுக்கு நல்லதாம்.

கேட்கிற விதமும் தனி. “குடுங்க” என்று கேட்க மாட்டார். “இது உங்களுக்கு வேணுமா?” என்பார். நான் குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தும் அப்படித்தான் கேட்டார். (வேணும் என்றேன். அடுத்த வருஷம் அது உழுத நிலமாக இருந்தது.)

ஜல்லிக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லி அசலில் சுமார் 50 மில்லிமீட்டர். அவர் உலகத்தில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. வகுத்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம். அந்த அளவில் ஜல்லி எங்கே விற்கிறது? பின்தெருவில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கல்தூளை அள்ளி வந்து, என் மனைவியின் ரவைச் சல்லடையை வாங்கிப் போய்ச் சலித்தார். சல்லடை திரும்பி வந்தது, அதைச் சொல்ல வேண்டும். கழுவித்தான் கொடுத்தார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு உப்புமாவில் ரயில்வே இருந்தது.

நாங்கள் தறிக்காரர்கள். அவருக்கு இது இரட்டை யோகம். பழைய ஜக்கார்டு அட்டைகளில் வரிசை வரிசையாக ஓட்டை இருக்கும் அல்லவா, என் தாத்தா காலத்து மாங்காய் புட்டா டிசைன் இப்போது ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸாக நிற்கிறது. ஜன்னல் தனியாக வெட்ட வேண்டாம் பாருங்கள். சாயப் பட்டறையில் மிஞ்சிய பச்சைத் தண்ணீரில் மரத்தூளை ஊறவைத்துப் புல்வெளி ஆக்கினார். தங்கத்தில் நாட்டமில்லை என்று சொன்னேன், சரிகை விஷயம் வேறு. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி போகிறதே, அதற்கு அவர் கண்ணில் பட்டது சரிகைதான். “பளபளன்னு இருக்கக் கூடாதே சார், அசல் கம்பி அப்படியா இருக்கு?” என்று தப்பிக்கப் பார்த்தேன். யோசித்தார். “அப்ப கறுத்துப் போன சரிகை இருந்தா குடுங்க” என்றார். என் பாட்டியின் முகூர்த்தப் புடவை பெட்டியில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் விசாரணை.

நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், அவர் கணக்கில் 19க்கு மேல் வரவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற தண்டவாளமோ 16.5. இந்த மூன்று மில்லிமீட்டருக்காக அவர் படும் வேதனையை, மகள் கல்யாணத்தில் சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்து போனபோதுகூட நான் பார்க்கவில்லை. அரையடிச் செட்டியார் பொம்மையைப் பருப்புக் கடையோடு கொலுவிலிருந்து நாடு கடத்தியதும் இந்தக் கணக்கால்தான். ரயிலுக்குப் பக்கத்தில் நின்றால் செட்டியார் நாற்பத்து மூன்றடி உயரமாம். வயலுக்கு விதைத்த கேழ்வரகு ஏழாம் நாள் மூன்று அங்குலம் வளர்ந்தது. இருபத்திரண்டு அடிப் பயிர்! நகவெட்டிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அறுவடைக்கு உட்கார்ந்தார்.

இவ்வளவு அசல் பேசுகிறவர் ஸ்டேஷன் போர்டில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ‘ஓரிக்கை சந்திப்பு’. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. காஞ்சிபுரம் போக வேண்டும், இல்லாவிட்டால் நத்தப்பேட்டை. கேட்டால் கோபம் வரும். 1865இலேயே அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் விட்ட கதையை ஆரம்பிப்பார்: முதலில் மூன்றரை அடிப் பாதை, பிறகு மீட்டர் கேஜ், இப்போது பிராட் கேஜ். இந்த வரலாறு அவருக்கு இன்னொன்றுக்கும் உதவுகிறது. பழையசீவரம் வளைவில் அவர் ரயில் தவறாமல் கவிழும். “ரெண்டு தடவ அகலம் மாறின பாதை தம்பி, கொஞ்சம் புரளத்தான் செய்யும்.”

சுண்டலுக்கு வந்தவர்கள் ஒரு ரவுண்டு பார்க்காமல் போகக் கூடாது. அவ்வளவுதான் சொல்வேன், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

புனேயில் ஜோஷி என்று ஒருவர் 1998இல் திறந்த சின்ன ரயில் மியூசியம் பற்றியும், ஹாம்பர்க்கில் இரட்டைச் சகோதரர்கள் 2001இல் ஆரம்பித்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் பற்றியும் அடிக்கடி பேசுவார். ஹாம்பர்க்கில் ஒரு பட்டாளமே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறதாம். இங்கே அந்தப் பட்டாளம் நாங்கள். சம்பளம் சுண்டல்.

அந்தச் சுண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒன்பது நாளும் ஊறவைத்து, வேகவைத்து, தாளித்து, நாற்பது பேருக்குப் பொட்டலம் கட்டுகிறவர் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா. கொலுவும் அக்காவுடையதுதான். அவர் அம்மா பொம்மைக்காரத் தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கிச் சீராகக் கொடுத்த காகிதக்கூழ் பொம்மைகள். கருட சேவை செட் ஒன்று இருக்கிறது, குடை பிடிக்கிறவர் முகத்தில்கூட வியர்வை தெரியும். ஒன்பது படியாக இருந்த கொலு ஏழாகி, ஐந்தாகி, போன வருஷம் மூன்று படி. தண்டவாளத்துக்கு நீளம் போதவில்லை. மிச்சப் பொம்மைகள் பரணில், துணி சுற்றியபடியே. வருகிறவர்கள் ரயிலைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், ரயில் சார் கையைக் கட்டிக்கொண்டு “ஏதோ நம்மால முடிஞ்சது” என்கிறார். அக்கா தாம்பாளத்தோடு நிற்கிறார். யாரும் படியை அண்ணாந்து பார்ப்பதில்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் அவரிடமே சொன்னேன். “அவளுக்கும் ரயில்னா உசிரு” என்றார். அக்காவிடம் கேட்டேன். “ஒருநாளாவது அசல் ரயில்ல திருப்பதி கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க தம்பி” என்றார்.

ஆனாலும் ஒரு ராத்திரியைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். கொடுத்த பொருள் ஒன்றைத் திருப்பி வாங்கப் போனேன். கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, தரையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் நெசவாளர் காலனிப் பையன் ஒருவன் அதே மாதிரி படுத்திருந்தான்; விசில் அவன் வாயில் இருந்தது. “மேலேர்ந்து பாத்தா பொம்மை தம்பி. இங்கேர்ந்து பாருங்க.” படுத்தேன். எங்கள் ஊர் மணிமண்டபம் தெரிந்தது, நூறு தூணும் சாக்பீஸில் செதுக்கியவை. பஸ் டெப்போ தெரிந்தது. கூரையில் பாசி பிடித்த ஒரு தறி வீடு, வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். எங்கள் வீடு. சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் மட்கார்ட் இல்லை. என் சைக்கிளுக்கும் இல்லை. பையன் விசில் ஊதினான், ரயில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் எனக்குப் பேச வரவில்லை.

பேச்சு வந்ததும் என் கண்ணாடியைக் கேட்டேன்.

நான் ஷேவ் செய்துகொள்ளும் கண்ணாடி. கொலுப் பார்க் என்றால் குளத்துக்குக் கண்ணாடி வைப்பது ஊர் வழக்கம். பாலாற்றுக்கு வேண்டும் என்று ஆடி மாதமே வாங்கிப் போனார். வைத்துப் பார்த்ததும்தான் அசல் ஞாபகம் வந்திருக்கிறது: பாலாற்றில் ஏது தண்ணீர்? சலித்த மணலைக் கண்ணாடி மேல் கொட்டிப் பசை போட்டு ஒட்டிவிட்டார். “அப்ப மணல் மட்டும் போதுமே, கண்ணாடியக் குடுத்துடலாமே சார்.” என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “2021ல எவ்வளவு வெள்ளம் வந்துச்சு, மறந்துட்டீங்களா? அந்த மாதிரி வந்தா மணலச் சொரண்டிட்டா போதும், தண்ணி ரெடி.”

விஜயதசமி ராத்திரி அக்கா ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார். மறுநாள் படி பிரித்து, பொம்மையெல்லாம் பரணுக்குப் போயிற்று. ரயில் போகவில்லை. “இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி” என்றார். தீபாவளிக்கு வந்த மருமகன் சந்திப்பில் கால் தடுக்கி விழுந்தார். இப்போது மார்கழி. இந்த ஊர்த் தெய்வங்களுக்கெல்லாம் கிளம்பத் தெரியும். சீடன் கணிகண்ணன் பின்னால் ஆழ்வாரும், ஆழ்வார் பின்னால் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் காஞ்சியை விட்டு வந்தபோது, ஒரே ஒரு ராத்திரிதான் இங்கே தங்கினார்களாம். அந்த ‘ஓர் இரவு இருக்கை’தான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதரே 2019இல் நாற்பத்தெட்டு நாளில் குளத்துக்குத் திரும்பிவிட்டார்.

நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போனால் ஒரு உதவி செய்யுங்கள். ரயிலை ஒரு ரவுண்டு பாருங்கள், எப்படியும் பார்க்காமல் விடமாட்டார். அது பழையசீவரத்தில் கவிழ்ந்து அவர் எடுத்து வைக்கக் குனியும்போது, பாலாற்று மணலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் இருப்பது என் கண்ணாடி. பின்பக்கம் சிவப்பு பிளாஸ்டிக், இடது மூலையில் ஒரு விரிசல். கொடுத்தபோது விரிசல் இல்லை.