எந்தத் தோள்?

எனக்குத் தோள்வலி என்றால், மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் என் மகள் ‘வலதா, இடதா?’ என்கிறாள். தைலம் தேய்க்கத்தானே கேட்கிறாள்?
(வாசகர், தாம்பரம்)

தைலமா! பில்லுக்காகக் கேட்கிறார். நோய்க்கு ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண், எழுதுவதுதானே அவர் வேலை! அமெரிக்காவில் 2015 செப்டம்பர் வரை இரண்டு தோளுக்கும் 719.41 என்று ஒரே கோடு. அக்டோபரிலிருந்து வலது தோள்மூட்டு வலி எம்25.511, இடது எம்25.512. இரண்டும் வலித்தால் இரண்டையும் எழுத வேண்டும். ஜோடிக்கென்று தனிக் கோடு கிடையாது. எந்தப் பக்கம் என்று டாக்டர் எழுத மறந்தால் எம்25.519. வலிக்கிறவருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது! இன்ஷூரன்ஸ்காரர் இந்தக் கோட்டைக் கண்டால் பில்லைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்.

‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (தோள்மூட்டு இறுகிப்போவது) என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டால் எம்75.01 அல்லது எம்75.02. அப்புறம் வலியைத் தனியாக எழுதுவதில்லை. (காரணம் தெரிந்தால் வலி போய்விடுமா என்று கேட்காதீர்கள்.)

மாமியார் தொல்லைக்கும் கோடு உண்டா?
(வாசகி, மதுரை)

உண்டு, இசட்63.1. இதில் வலது, இடது கிடையாது. உங்கள் மாமியார் போய் உங்களைப் பற்றிச் சொன்னாலும் இதே கோடுதான்.